வலது கை பட்ட நாள்

என் கணவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். குரூசர்வெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் ஒரு வகை, மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு வகை. காந்தி, நேரு, எங்கள் அப்பா, நான், எல்லாரும் அந்த இரண்டாவது வகையில்தான் வருவோம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே இது எனக்கு விளங்கிவிட்டது.

அவர் பட்டாளத்தில் ஏழெட்டு வருஷம் இருந்தவர். பென்ஷன் வரும் வரைக்கும் இருந்து தொலைத்திருக்கலாம். அந்தப் பொறுமை கிடையாது. வெளியே வந்தபோது ஓசூரில் வரிசையாகக் கம்பெனிகள் திறந்துகொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்காரர் என்றால் கேட்டில் செக்யூரிட்டி வேலை கையோடு கிடைத்த காலம். காக்கி பேன்ட், காக்கிச் சட்டை, விசில், ஒரு தொப்பி. அப்படித்தான் எங்கள் குடித்தனம் ஒரு லைன் வீட்டில் ஆரம்பித்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். அரிசி மூட்டை வைக்க இடமில்லாத அந்த வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருந்தது. நகை நட்டு ஏதாவது இருக்கும் என்று திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க வெளிநாட்டுக் குத்துச்சண்டைப் பத்திரிகைகள். பெங்களூர் பிளாட்பாரத்தில் எடைக்கு வாங்கியவை.

அந்தப் பத்திரிகைகளில் ஒன்றில் ஒரு பக்கம் கசங்கிக் கிழியும் நிலையில் இருக்கும். குரூசர்வெயிட்டில் யார் யாருடைய குத்து மிகவும் பலமானது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். அவர்கள் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அதனால் அவரே பெயர் வைத்துக்கொண்டார். மீசைக்காரன், துறைமுகத்தான், இடதுகைக்காரன், சாய்ந்த தோள். என் நாத்தனார் பிள்ளைகளின் பெயர் அவருக்கு மறந்துபோகும். சாய்ந்த தோள் எந்த ஊரில் எவனை எத்தனையாவது ரவுண்டில் படுக்கவைத்தான் என்பது மறக்காது.

இவர்களில் யாருடைய குத்து பலமானது என்பதில் அவருக்கு ஒரு முடிவே கிடையாது. ஒரு மாதம் மீசைக்காரன் முதலிடத்தில் இருப்பான். அடுத்த மாதம் துறைமுகத்தான் ஏறிவிடுவான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், எதிரில் வந்து உட்கார்ந்து என் அபிப்பிராயம் கேட்பார். ஒரு தடவை, பேச்சு முடிந்தால் போதும் என்று, சாய்ந்த தோள்தான் என்று சொல்லிவைத்தேன். எதனால் அப்படிச் சொல்கிறாய் என்று விசாரணை ஆரம்பித்துவிட்டது. பாவமாக இருக்கிறான், அதனால் சொன்னேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஏன் இந்த எடைக்காரர்கள் மேல் மட்டும் இத்தனை பிரியம் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஹெவிவெயிட் என்றால் லாரி, பாரம் இருக்கும், வேகம் இருக்காது. சின்ன எடைக்காரன் மொபெட், வேகம் இருக்கும், இடித்தால் ஒன்றும் ஆகாது. பாரமும் வேகமும் ஒன்று சேர்கிற ஒரே இடம் நடுவில் இருக்கிற குரூசர்வெயிட்தான். இது அவருடைய வாதம். அப்போதுதான் புதிதாக உண்டாக்கிய பிரிவு என்பதால் அதன் அருமை இன்னும் ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று வேறு வருத்தப்படுவார். ஜனங்களுக்குத் தெரியாத அருமை எத்தனையோ இருக்கிறது, அதில் என் அருமையும் ஒன்று என்று நான் சொல்வது அவர் காதில் விழாது.

சரி, இவர் எப்படி? பட்டாளத்தில் இவரும் கையுறை போட்டவர்தான். எத்தனையோ தடவை மேடை ஏறியிருக்கிறார், ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. எல்லாம் பாயின்ட்டில் தோற்றது. கேட்டால் ஒரே பதில்தான். "வலது கை படல. பட்டிருந்தா கதயே வேற." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் எடைக்கு மேலே இருக்கிறவர்களோடு மோதவிட்டார்கள், பட்டினி போட்டு எடை குறைக்கச் சொன்னார்கள், சோறில்லாத உடம்பில் கை எப்படி எழும்பும் என்று ஆயிரம் காரணம் வைத்திருந்தார். ஆனால் தன் வலது கை குரூசர்வெயிட்டுக்கென்றே செய்த கை என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அந்தக் கையை நானும் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜாம் பாட்டில் மூடி திறந்து கொடுத்ததில்லை.

வீட்டுக்குள் ஒரு சாக்கில் மணலும் கம்பெனியில் எண்ணெய் துடைத்துப் போட்ட பழந்துணியும் அடைத்து, கூரையின் இரும்புக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஷிப்டு முடிந்து வந்து அதைக் குத்துவார். வீடு முழுக்க மணலும் எண்ணெய் நாற்றமும். ஆஸ்பெஸ்டாஸ் அதிர்கிறது, உடைந்தால் யார் போடுவது என்று வீட்டுக்காரர் தெலுங்கில் திட்டிவிட்டுப் போவார். திட்டு வாங்கும் நேரத்தில் இவர் கேட்டில் இருப்பார். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ள நான் இருந்தேனே.

எங்கள் வாழ்க்கையில் சனி பிடித்தது அந்த விளையாட்டு விழா அறிவிப்பு வந்த நாளில்தான். வருஷா வருஷம் கம்பெனிகளுக்குள் வாலிபால், கபடி, கயிறு இழுத்தல் நடக்கும். அந்த வருஷம் பெங்களூரிலிருந்தும் கம்பெனிகள் வருகின்றன, முதல் தடவையாகக் குத்துச்சண்டையும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எடைப் பிரிவுகள் போட்டிருந்தார்கள். எண்பத்தொரு கிலோவுக்கு மேல், தொண்ணூற்றொரு கிலோவுக்குள் என்று ஒரு பிரிவு. நோட்டீஸில் அதற்கு வேறு பெயர். இவருக்கு அதுதான் குரூசர்வெயிட். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. இவருக்கு அப்போது சரியாக முப்பத்தைந்து. ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். எவர்சில்வர் குடமாம். நம் வீட்டில் இரண்டு குடம் இருக்கிறதே, பேசாமல் இருங்கள் என்றேன்.

அவர் சாக்குக்கு முன்னால் போய் நின்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரே ஒரு தடவ என் வலது கை ஒருத்தன் மேல சரியாப் படணும். அத நாலு பேரு பாக்கணும். ஜெயிக்கறது தோக்கறது அப்பறம்."

இந்த மனிதர் கேட்பதெல்லாம் அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, செய்து தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்து வரும்போதே முகம் விழுந்திருந்தது. டிஸ்பேட்ச் செக்ஷனில், செய்த சாமான்களை அனுப்புவதற்கு முன் நிறுக்கிற பெரிய மேடைத் தராசு ஒன்று உண்டு. விடிகாலை ஆளில்லாத நேரத்தில் அதில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். எழுபத்திரண்டு கிலோ. பட்டாளத்தில் இருந்ததைவிடக் குறைவு. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் எளச்சிட்டன்" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும். காலையில் அரைப்படி மாவில் களி, மத்தியானம் கேரியர் நிறையச் சோறு, ராத்திரி மறுபடியும் களி, வாரத்துக்கு இரண்டு நாள் கறி. வடித்துக் கொட்டிக் கை தேய்ந்தவளிடம் வந்து இளைத்துவிட்டேன் என்றால்? இதற்கிடையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து மாமியார் வந்தார். வாசலில் நுழையும்போது, என்னடா இப்படி ஊதியிருக்கிறாய் என்றுதான் கேட்டார். கம்பெனித் தராசு என்ன காட்டியது என்று இவர் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மவன இப்புடி எளைக்க வுட்டுட்டியேம்மா." கண்ணால் பார்த்தது போய், காதால் கேட்டது பெரிதாகிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுபத்திரண்டிலிருந்து எண்பத்தொன்றைத் தாண்ட வேண்டும். சாப்பாட்டு யாகம் ஆரம்பித்தது. காலையில் களி உருண்டை, அதற்கு மேல் முட்டை. நிலக்கடலையை மூட்டையாக வாங்கினோம். பக்கத்து வீட்டில் கறிக்கடை வைத்திருந்த பாய் குடும்பம். அந்த அக்கா தினமும் எலும்பு ஒதுக்கி வைத்துத் தருவார். நான் சூப்பு வைப்பேன். மாம்பழக் காலம் வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து யார் வந்தாலும் ஒரு கூடை கொண்டுவரச் சொல்லிவிடுவார். சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு மீசைக்காரன் ஒரு வேளைக்கு எவ்வளவு மாட்டுக்கறி சாப்பிடுவான் என்று எனக்கு வாசித்துக் காட்டுவார். அந்த மீசைக்காரனின் பெண்டாட்டியை நினைத்து எனக்கு அழுகை வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய காக்கி பேன்ட்டின் இடுப்பை நான் மூன்று தடவை பிரித்து விட்டிருந்தேன். மூன்றாவது தடவை பிரிக்க உள்ளே துணியே இல்லை. வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டேன். சட்டைப் பொத்தான் வாரம் ஒன்று தெறிக்கும். உங்கள் தராசு ஏதோ கோளாறு, இந்த பேன்ட் சொல்வதைக் கேளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"துணி தொவைக்கத் தொவைக்கச் சுருங்கும்" என்றார். "தராசு சுருங்குமா? அதுல நிறுத்த சாமான்தான் கப்பல்ல போவுது."

கப்பலில் போகிற சாமானை நிறுக்கிற தராசு. அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும். பத்து வகுப்பு படிக்காதவள், ஒரு தையல் ஊசியை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி நடத்த முடியுமா. விழாவுக்கு முந்தின நாள் தராசு எண்பத்திரண்டு காட்டியதாம். வரும்போது அரைக்கிலோ ஜிலேபி வாங்கிவந்தார். ஆறேழு வாரத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி பஸ்ஸில் குடும்பத்தோடு எல்லாரும் வந்திருந்தார்கள், கறிக்கடை அக்காவும் வந்திருந்தார். பெங்களூரிலிருந்து லாரியில் பலகையும் கயிறும் கொண்டுவந்து மேடை கட்டியிருந்தார்கள். முதலில் எடை பார்த்தார்கள். தராசு பெங்களூர்க்காரர்களுடையது. இவர் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு மாப்பிள்ளைக் களையோடு ஏறி நின்றார்.

தொண்ணூற்று நான்கு.

உங்கள் தராசு தப்பு என்று இவர் சண்டைக்குப் போனார். இரண்டாவது தடவை ஏற்றினார்கள், அதேதான். நேற்றுக்கூட எங்கள் டிஸ்பேட்ச் தராசில் பார்த்தேன் என்று இவர் இரைந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் நின்ற டிஸ்பேட்ச் கிளார்க் முன்னால் வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"நீங்க ஏறினப்ப தொட்டி வெச்சிருந்தீங்களா, சார்?"

அங்கே சாமான்களை ஒரு இரும்புத் தொட்டியில் போட்டுத்தான் நிறுப்பார்களாம். ஒவ்வொரு தடவையும் தொட்டியின் எடையைக் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தராசிலேயே பன்னிரண்டு கிலோ குறைத்து வைத்துவிடுவார்களாம். காலித் தொட்டியை வைத்தால் சைபர் காட்டும். தொட்டி இல்லாமல் ஏறினால் பன்னிரண்டு குறைத்துக் காட்டும். அந்த செக்ஷனில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விடிகாலையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஏறின செக்யூரிட்டிக்கு யார் சொல்வது?

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் எழுபத்திரண்டு என்று முகம் தொங்கிப்போய் வந்தாரே, அன்றைக்கே மனிதர் எண்பத்து நான்கு. நான் எதுவுமே செய்யாமல், ஒரு முட்டைகூட அதிகம் போடாமல், அவர் ஆசைப்பட்ட எடையில் சரியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். என் சாப்பாடு அவரை எப்போதோ குரூசர்வெயிட் ஆக்கிவிட்டிருந்தது. எளைக்க விட்டவள் என்ற பெயரும் வாங்கி, விறகும் வேலையும் வீணாகி, கடைசியில் ஆளை அந்த எடையிலிருந்து தாண்டவும் வைத்துவிட்டேன். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை.

பெங்களூர் நடுவர் நல்ல மனிதர். இரண்டு வழி சொன்னார். பெயரை எடுத்துக்கொள்ளலாம், அல்லது தொண்ணூற்றொன்றுக்கு மேற்பட்ட பிரிவில் இறங்கலாம். அதில் ஒரே ஒரு ஆள்தான் வந்திருக்கிறார், அவருக்கும் ஜோடி இல்லை. அந்த ஆளைக் காட்டினார். பெங்களூரில் ஏதோ பெரிய கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவராம். மரத்தடியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றால் எங்கள் வீட்டு வாசற்கதவு போதாது.

நான் இவரை ஓரமாகக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அடுத்த வருசம் என்னைச் சேத்துக்க மாட்டாங்க" என்றார். "இத வுட்டா எனக்கு ஏது?"

அப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். சிறிய எடையிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போவார்கள். இவர் ஆசைப்பட்ட பிரிவு பன்னிரண்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. எவனோ இரண்டு பேர் நோகாமல் தட்டிக்கொண்டார்கள். தனக்குப் போட்ட இலையில் வேறு ஆள் சாப்பிடுவதைப் பார்க்கிறவர்போல இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சின்ன இடைவேளை விட்டார்கள். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்ப வேண்டும். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும். அந்த பஸ் மேனேஜருக்காகக்கூட நின்றதில்லை, இவருக்காகவா நிற்கும்? ஹாரன் அடித்ததும் எங்கள் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். டிஸ்பேட்ச் கிளார்க், கேட்டில் இவரோடு நிற்பவர்கள், போட்டோ எடுக்க வந்தவர், எல்லாரும். கறிக்கடை அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் போங்கள், நான் இவரோடு வருகிறேன் என்றேன்.

ஆக, இவர் மேடை ஏறியபோது எங்கள் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்குக் கிடைத்தது அவ்வளவு.

முதல் ரவுண்டில் கிரேன்காரர் இவரை அவசரமில்லாமல் அடித்தார். துணி துவைக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. இவருக்கு உடம்பில் ஏற்றி வைத்த பத்து கிலோ மாம்பழமும் கடலையும் மூச்சு முட்டியது. இரண்டாவது ரவுண்டில் ஒரு அடி நெற்றிப் பொட்டில் விழுந்தது. தலைக்கவசம் போட்டிருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இவர் விழவில்லை. நின்றார். ஆனால் நின்றது இவர் இல்லை. அடுத்த அடியை ஓங்கிக்கொண்டு கிரேன்காரர் கிட்டே வந்தார். அப்போது இவருடைய வலது கை எழும்பியது. எப்போது எழும்பியது, எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெரிய மனிதரின் தாடையில் போய் நின்றது. அவ்வளவுதான். கிரேன்காரர் பின்னால் போகவில்லை, பக்கத்தில் சாயவில்லை. கால் இரண்டும் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூர்க்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நடுவர் விரல் விட்டு எண்ணினார். எட்டுக்கு அவர் எழுந்துவிட்டார். மணி அடித்தது. மூன்றாவது ரவுண்டு முழுக்க இருவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாயின்ட்டில் இவர் தோற்றார்.

இறங்கி வந்ததும் கிரேன்காரர் நேராக எங்களிடம் வந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் சொன்னார். இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் கீழே உட்காரவைத்ததில்லை, இது சாதாரணக் கை இல்லை என்றார். எல்லையோர ஊரில் பிறந்தவள் நான், ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. இவர் அந்த மனிதரை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவரிடம், கெலமங்கலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டார்.

நான் ஓடிப்போய், விழாவுக்கு வந்திருந்த டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தலையில் பட்ட அடியில் கொஞ்ச நேரம் நினைவு அழிந்திருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகும் என்றார். தூங்கி எழுந்தார், சரியாகத்தான் இருந்தார். ஆனால் முதல் ரவுண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. அது திரும்ப வரவே இல்லை.

காலையில் என்னிடம் கேட்டார். "வலது கை பட்டுச்சா?"

"பட்டுச்சு" என்றேன். "அந்த ஆளு உக்காந்துட்டாரு. எட்டு எண்ணிட்டுத்தான் எழுந்தாரு."

"ஆறுதலுக்குச் சொல்லாத" என்றார்.

ஆறுதலுக்கு! கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேனா நான்? மீசைக்காரனைத் திட்டியவள், சாக்கை அறுத்துப் போடுவேன் என்றவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னால் ஆறுதலாம். தொட்டியில்லாத் தராசை நம்பிய மனிதர், பெண்டாட்டி கண்ணால் பார்த்ததை நம்பவில்லை.

பொறுக்க முடியாமல் கம்பெனி கேட்டுக்கே போய் அவருடைய ஆட்களிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். பெண்டாட்டி கொடுக்கிற சர்டிபிகேட் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அதுவரைக்கும் கொஞ்சம் சந்தேகத்தில் இருந்தவர், அதற்கப்புறம் சுத்தமாக நம்பவில்லை. இனிமேல் வெளியில் யாரிடமும் சொல்லாதே என்று என் வாயையும் கட்டிவிட்டார்.

பெங்களூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்தக் கிரேன்காரரையே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், நானும் வருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். இந்த வாரம் என்பார், அடுத்த வாரம் என்பார். ஒரு நாள் நான் சத்தம் போட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "போய்க் கேட்டு, அந்தாளு இல்லன்னுட்டா?" அதற்கப்புறம் நான் பெங்களூர் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் விடவும் மாட்டார். நம்பவும் மாட்டார், விடவும் மாட்டார். வாரத்துக்கொரு தடவை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்காருவார். முதலிலிருந்து சொல்லு என்பார். நான் சொல்வேன். அந்தப் பெரிய மனிதர் எப்படி உட்கார்ந்தார் என்பதுவரைக்கும் கேட்டுக்கொண்டே வருவார். அங்கே வந்ததும் ஒரு கேள்வி. "என் பின்னங்கால் எங்க இருந்துச்சு?" பலமான குத்து கையிலிருந்து வராதாம். பின்னங்கால் குதிகாலைத் தரையிலிருந்து எழுப்பி இடுப்பைத் திருப்பினால்தான் வருமாம். அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தானாம். குதிகால் எழும்பியிருந்ததா, தரையில் இருந்ததா? நான் பார்க்கவில்லை என்பேன். பார்க்காமல் என்ன பார்த்தாய், காலைப் பார்க்காதவள் குத்தைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்கிறாய் என்று எழுந்து போய்விடுவார்.

இத்தனை வருஷமாக இதே கேள்வி. இப்போது முட்டி வலியோடு உட்கார்ந்துகொண்டும் கேட்கிறார். நான் அவர் காலைப் பார்க்கவில்லைதான். அந்த அடி பொட்டில் விழுந்ததும் அவர் கண்ணிலிருந்து ஆள் போய்விட்டார். வாய் பாதி திறந்திருந்தது. கோபம் இல்லை, பயம் இல்லை, என்னையும் தெரியவில்லை. நின்றபடியே என் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கை தானாக எழும்பியதும், எதிராளி உட்கார்ந்ததும், எண்ணினதும் எல்லாம் அந்த முகத்துக்குப் பக்கத்தில் எங்கோ நடந்தன. இமை ஒரு தடவை மூடித் திறக்காதா என்று நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் குதிகால் எங்கே இருந்தது என்று கேட்கிறார்.